ஆட்டம் சொல்லித்தர வருகிறார்கள்

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லையாம். மருந்தும் கண்டுபிடித்துவிட்டார்கள்: விளையாட்டு! அட்டையைக் கலைத்துப் போடு, பகடையை உருட்டு, கைதட்டு, பாட்டுப் பாடு; மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை பொளந்து கட்டும். அடடா! ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே இத்தனை தலைமுறையாகப் பிள்ளைகள் தெருவில் தவம் செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒரு சாயங்காலம் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து ஏதாவது ஒன்றில் கேரம் போர்டு பக்கம் நின்று பாருங்கள். ஸ்ட்ரைக்கர், ஃபாலோ, ஃபைன், டியூ, கட், டபுள்: கரும்பலகையில் வாரம் முழுக்க எழுதிப்போட்டும் ஒட்டாத பாஷை, பவுடர் தூவிய பலகையில் தானாக ஒட்டிக்கொள்கிறது. பாண்டி ஆடும் சிறுமி கண்ணை மூடிக்கொண்டு கட்டம் தாண்டி "ரைட்டா?" என்று கேட்கிறாள், அவளுக்கு எந்தப் பயிற்றுநரும் வகுப்பெடுக்கவில்லை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாக வளர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். உடனே மாலை, மேடை, ஒரு கோடி ரூபாய். நல்லது, கொடுக்கட்டும். தங்கம் வந்த பிறகு கொடுப்பதற்குப் பெயர் பாராட்டு. வருவதற்கு முன்னால் போர்டும் விளக்கும் கூரையும் கொடுத்தால்தான் அதற்குப் பெயர் அரசாங்கம்.

ஆட்டமும் பாட்டமுமாய்ச் சொல்லித்தருவது இந்த ஊருக்குப் புதுசா என்ன? ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். பிள்ளைகள் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, கற்றல் ஏணிப்படி பார்த்து அட்டை எடுத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். பிறகு அது மாநிலம் முழுக்கப் போனது. ஆனால் ஒரு திட்டம் வேர்விட்டு வளர்ந்தால் அடுத்த விழாவுக்கு எங்கே போவது? அட்டைகள் கிழிந்தன, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் பிழையில்லாமல் படிப்பார்கள் என்றார்கள். பொம்மை உண்டு, பாட்டு உண்டு, பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகழகாய்ப் பெயரும் உண்டு. அதிலெல்லாம் பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் பொம்மையை ஆட்ட வேண்டிய டீச்சரின் கையைச் செல்போன் பிடித்துக்கொண்டது. வருகையை ஏற்று, மதிப்பீட்டை ஏற்று, கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்று! இந்தப் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கிக் கத்தியாயிற்று. வகுப்பறையில் மெய்யாகவே நடக்கிற ஆட்டம் ‘சர்வர் வருமா, வராதா?’ என்பதுதான்.

கணக்கையும் பாருங்கள். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து. ஒரு டீச்சர் ஒரு மூலையில் பாடி, இன்னொரு மூலையில் ஆடி, மூன்றாவது மூலையில் அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட வேண்டும். அதே சட்டத்தின் அதே அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்றும் சொல்கிறது. ‘இரண்டு’ என்ற வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற கண்கள், ‘மைதானம்’ என்ற வரி வந்ததும் தூங்கப் போய்விடுகின்றன.

சரி, வெளியே போய் ஆடலாம் என்கிறீர்களா? வாருங்கள் எண்ணூருக்கு. இங்கே கபடி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்க்கையே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரே ஓடியது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, கொசஸ்தலை முகத்துவாரமெங்கும் கறுப்பாகப் படிந்தது. மீன் அள்ளிய கைகள் எண்ணெய் அள்ளின. 2024 அக்டோபர் 25-இல் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஏதோ வாயு நெடி ஏறி, பிள்ளைகள் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நவம்பர் 4-இல் பள்ளியைத் திறந்தார்கள். அன்றைக்கே மறுபடியும் மயங்கினார்கள். இங்கிலீஷா கேட்கிறீர்கள்? அம்மோனியா, கேஸ் லீக், ஆயில் ஸ்பில் எல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அகராதி இல்லாமலே தெரியும். அர்த்தம் நுரையீரலில் எழுதியிருக்கிறது.

இதற்குப் பிராயச்சித்தமாகத்தான் ஸ்மார்ட் கிளாஸ் வருகிறது. கம்பெனி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். அந்த இரண்டில் ஒரு டிவி, நான்கு வார்த்தை விளையாட்டு, சுவரில் பிள்ளைகளின் பெயரைவிடப் பெரிதாகக் கம்பெனியின் பெயர். மிச்சம் 98 எப்படி வந்தது என்று ஊர்க்காரர்களின் மூக்கைக் கேளுங்கள், சொல்லும்.

பிள்ளைக்கு இங்கிலீஷ் வராமலே போய்விடுமோ என்று பயந்துபோன பெற்றோர் கடன் வாங்கி மெட்ரிக் பள்ளிக்கு ஓடுகிறார்கள். அங்கே பல இடங்களில் வாய்தவறித் தமிழ் பேசினால் அபராதம். கேரம் போர்டில் ஃபைன் விழுந்தால் ஒரு காயை வைத்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆடலாம். இங்கே ஃபைன் கட்டிய பிள்ளைக்கு வாயே அடைத்துப்போகிறது. பேசப் பயந்த பிள்ளைக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது.

ஐயா, அம்மா, திட்டம் தீட்டுகிறவர்களே! எங்கள் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியும். ஆட்டத்துக்குள்ளேயே பாஷை பிடிக்கவும் தெரியும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கொடுங்கள். அவர் கையிலிருந்து செல்போனைப் பிடுங்குங்கள். கண்டெய்னர் லாரி நுழையாத மைதானம் ஒன்று கொடுங்கள். மயங்கி விழாமல் மூச்சுவிடக் காற்று கொடுங்கள். அதற்கப்புறம் பகடையோடும் பொம்மையோடும் வாருங்கள், சேர்ந்தே ஆடலாம். இவ்வளவும் முடியாது என்றால், வடசென்னைப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று சொல்லும் யோக்கியதை உங்களில் ஒருவருக்கும் கிடையாது.