80 கிராம் கத்தி, 250 கிலோ கயிறு

கத்தியை அவர் அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார். அதன் கைப்பிடித் துளையில் கோக்க வேண்டிய கயிறுதான் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் பரவலாகத் தென்படும் ஜீவன் இவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காப்பீட்டு அலுவலகத்திலோ கணக்குப் பிரிவிலோ வேலை. காற்சட்டைப் பையில் 80 கிராம் எடையில் ஒரு மடக்குக் கத்தி. அதைக்கொண்டு அவர் அறுப்பது பெரும்பாலும் கூரியரில் வந்த அட்டைப்பெட்டியின் டேப்பை. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் கயிறு.

எல்லாம் 550 என்ற எண்ணில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களைப் பாராசூட்டில் தொங்கவிட்ட நைலான் கயிற்றின் வாரிசுதான் பாராகார்டு. அதில் மூன்றாம் வகை, 550 பவுண்டு, ஏறத்தாழ 250 கிலோ, தாங்கியாக வேண்டும் என்பது ராணுவக் கணக்கு. 1997-இல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன விண்வெளி வீரர்கள், உரிந்துபோன வெப்பக் காப்பு உறையை ஒட்டுப்போட இந்தக் கயிற்றையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தச் செய்தியை அவர் எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார். மாமியாரின் மூட்டு வலியைப் பற்றிய பேச்சாக இருந்தாலும் சரி.

கயிறு வந்ததும் நுனியை வெட்டி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ராணுவத் தரம் என்றால் உள்ளே ஏழு முதல் ஒன்பது புரிகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு புரியும் மூன்று இழை முறுக்கியதாக இருக்க வேண்டும். தயாரித்த நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு புரியில் நிறமும் இருக்க வேண்டும். கடைச்சரக்கில் பெரும்பாலும் இரண்டே இழைதான். அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

இத்தனை சோதித்துத் தேர்வு செய்த கயிற்றை அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் வேடிக்கை. 4 மில்லிமீட்டர் பருமனில் அது கத்தியின் துளைக்குள் இரட்டையாக நுழையாது. எனவே உள்ளே இருக்கும் புரிகளை எல்லாம் இழுத்து எறிந்துவிடுகிறார். இந்தக் கூட்டத்தின் பேச்சில் இதற்குக் குடலை உருவுதல் என்று பெயர். தாங்கும் சக்தியில் கணிசமான பங்கு குடலோடு குப்பைக்கூடைக்குப் போகிறது. மேலுறை மட்டும் தட்டையாக, துவண்டு தொங்குகிறது. கேட்டால் இன்னமும் 550 என்றுதான் சொல்வார்.

பிறகு மற்ற ரகங்களுக்குத் தாவுவார். கெவ்லார், 1965-இல் டியூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபானி குவோலெக் கண்டுபிடித்த இழை. வெப்பத்துக்கு உருகாது. உருகாததே இங்கே தொல்லை: நைலான் நுனியை லைட்டரில் காட்டி உருக்கி அழுத்தினால் பிரியாது, விரல் சுடுவதோடு வேலை முடிந்தது, கெவ்லார் நுனியோ கருகிப் பிசிறும். டைனீமா எஃகுக்குச் சவால் விடும், தண்ணீரில் மிதக்கும், ஆனால் வழவழப்பு; போட்ட முடிச்சு மெல்ல நழுவும். தோல் வார் அழகு. ஒரு மழையில் நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும்.

உண்மையில் கத்தியின் துளையே பதிலைச் சொல்லிவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய நைலான் கயிறு இரட்டையாக எளிதில் நுழையும். 80 கிராமுக்கு அதன் பலம் தாராளம். நிறம் ஆரஞ்சாக இருந்தால் புல்லில் விழுந்த கத்தி கண்ணில் படும். இதெல்லாம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிளவுசுக்கு மேட்சிங் தேடுவதுபோல் காற்சட்டைக்கு ஒத்துப்போகும் ஆலிவ் பச்சையை வாங்குகிறார். முகாமுக்குப் போன இடத்தில் கத்தி தவறி விழுகிறது. காட்டோடு அது அவ்வளவு பொருத்தமாக ஒன்றிவிடுகிறது.

கத்திக்குக் கயிறு கட்டியவர்கள் ஒரு காலத்தில் காரணத்தோடுதான் கட்டினார்கள். பாய்மரத்தில் ஏறி வேலை செய்யும் மாலுமியின் கை நழுவினால் கத்தி கீழே நிற்பவனின் தலையில்தான் இறங்கும். கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944-இல் வெளியிட்ட முடிச்சுகளின் பெரும் புத்தகத்தில் கத்திக் கயிற்று முடிச்சுக்கு 787 என்று எண்ணே உண்டு. அந்த எண் நம்மவருக்கு மனப்பாடம். ஏறிய உயரம் மட்டும் வீட்டுப் பரண் ஏணியைத் தாண்டவில்லை.

அட்லாண்டாவில் நடக்கும் பிளேடு ஷோ கண்காட்சிக்கும் போவார். மற்றவர்கள் எஃகின் ரகம் விசாரிக்கும்போது இவர் கயிற்றில் கோக்க டைட்டானியம் மணியைத் தேடுவார். சில சமயம் மணியின் விலை கத்தியைத் தாண்டிவிடும். ரசீது மனைவியின் கண்ணில் படாது.

ஒருமுறை அங்கிருந்து வீடு திரும்பும் அவசரத்தில் கத்தியைப் பெட்டியில் வைக்க மறந்து, பையில் போட்டபடியே விமான நிலையச் சோதனைக்கு வந்துவிட்டார். அமெரிக்காவில் சிறு கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்கும் திட்டம் 2013-இல் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு கைவிட்டார்கள். அதிகாரி கையை நீட்டினார்.

"கத்தியை நீங்களே வச்சுக்குங்க சார். கயிறையும் மணியையும் மட்டும் கழட்டிக்கிறேன்."

அதிகாரி பெருந்தன்மையானவர், சரி என்றார். 787-ஆம் எண் முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அதிகாரியிடமே கேட்டார்:

"ஒரு நிமிஷம் அந்தக் கத்தியைத் திறந்துக்கலாமா?"