23 கிலோமீட்டர் மாமா

மூன்று வருஷமாக மாமா எலெக்ட்ரிக் கார் வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் வாங்கி முடிந்தபாடில்லை. தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். சோளிங்கரில் எங்கள் தெருவுக்கு இவர்.

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பிரித்தவர். விரலால் நீவியே இது உண்ணி கடித்த தழும்பு, இது உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் என்று சொல்லி விலையை இறக்கிவிடுவார். அதே விரலோடுதான் ஷோரூமுக்கும் போகிறார். விற்பனைப் பையன் ரேஞ்ச், பிக்கப் என்று ஆரம்பித்தால் காதிலேயே வாங்குவதில்லை. சீட்டின் ஓரத்தைக் கிள்ளி மடிப்பார். குனிந்து மோந்து பார்ப்பார். "ரெக்சின். இதுக்கா தம்பி இந்த விலை?" பையன் பதில் தேடுவதற்குள் மாமியோடு பின்சீட்டில் ஏறியாகிவிடும். வாலாஜாவில் சொந்தக்காரர் கல்யாணம் இருக்கிற நாளில்தான் மாமாவுக்கு டெஸ்ட் டிரைவ் ஞாபகம் வரும்.

கணக்கெல்லாம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில். ஒரு நாள் எனக்கே காட்டினார். பெட்ரோல் வண்டி கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 60 காசு. கரண்ட் வண்டி 1 ரூபாய் 20 காசு. மிச்சம் 4 ரூபாய் 40 காசு. கரண்ட் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற 3 லட்சத்தை இந்த மிச்சத்தில் எடுக்க 68,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம். அதற்குள் முதலை எடுக்கணும் என்றால் தினமும் 23 கிலோமீட்டர்.

"தினம் எங்க மாமா போவீங்க?"

மாமாவின் தினசரிப் பயணம் டீக்கடை வரைக்கும், அதுவும் நடந்து. கொஞ்சம் யோசித்தார். "பாணாவரம் போய் வந்தா சரியா இருக்கும்." சோளிங்கர் என்று பெயர் வைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் அங்கேதானே நிற்கிறது! ரயில் ஏற அல்ல, முதலை எடுக்க.

அதோடு விட்டாரா? இரண்டு மாதக் கரண்ட் பில்லை எடுத்தார். இப்போதே 390 யூனிட். காருக்கு ஒரு 200 சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? கீழே மலிவாக வந்துகொண்டிருந்ததும் சேர்ந்து ஏறும். அன்றிலிருந்து மாமி மிக்ஸி போட்டால்கூட மீட்டரை எட்டிப் பார்க்கிறார். கார் வருவதற்கு முன்பே சிக்கனம் வந்துவிட்டது.

2022-இல் டியாகோ எலெக்ட்ரிக் 8.49 லட்சத்தில் தொடங்கியபோது, இன்னும் இறங்கும் என்றார். 2024-இல் காமெட் எலெக்ட்ரிக் காரை 4.99 லட்சத்துக்குக் கொடுத்து, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் வாடகை என்றார்கள். "மாட்டை விலைக்கு வாங்கிட்டு மடியை வாடகைக்கு எடுக்கறதா?" 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதும் பழைய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. நடுவில் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாட்டா கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்களா, லாரி வாடகை மிச்சமாகும், ஜாகுவாரே விலை இறங்கும் என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

நரசிம்மர் மலைக்கு ரோப் கார் வந்தபோதும் இதே கதைதான். 1,305 படி ஏறினால் காசில்லை, ஆனால் மூட்டுவலி மாத்திரை என்ன விலை? அடிவாரத்தில் நின்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மாமி டிக்கெட் எடுத்து மேலே போய்த் தரிசனமும் முடித்துவிட்டாள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் எலெக்ட்ரிக் கார் எடுத்தான். நீலக் கலர் பிடித்திருந்ததாம். அவ்வளவுதான் அவன் கணக்கு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நேரத்தில் மாமா வந்து விலை கேட்டார். "ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம்" என்றார். எவ்வளவு சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பிறகு சீட்டைக் கிள்ளினார், மோந்தார், பையன் மனம் நோகக் கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பார்த்தால் வெளுத்த வேட்டியும் சட்டையுமாக அவன் வீட்டு கேட்டில் நிற்கிறார்.

"இன்னா தம்பி, வண்டி சும்மா நிக்குது? வா, பாணாவரம் வரைக்கும் போய் வந்துடலாம். இன்னிக்கு விட்டா நாளைக்கு 46 ஆயிடும்."