போல்ட் கூன்வண்டு புராணம்

கரண்ட் வேண்டும் என்று காலில் விழுந்தவர்களும் அவர்கள்தான், கரண்ட் கோபுரத்தின் காலை வாரிவிட்டவர்களும் அவர்கள்தான். இரண்டுக்கும் நடுவே நாற்பது வருஷம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து விவசாயிகளைச் சொல்கிறேன்.

1930களில் அந்த நாட்டுத் தனியார் மின் கம்பெனிகள் கிராமத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மைலுக்கு இரண்டு வீடு இருக்கிற இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935இல் கிராம மின்மயத்துக்கென்றே ஒரு நிர்வாகத்தை உண்டாக்கி, “கடன் தருகிறேன், சங்கம் வைத்து நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள்” என்கிற ஏற்பாட்டைச் செய்தார். விவசாயிகள் தலைக்கு ஐந்து டாலர் போட்டு மெம்பர் ஆனார்கள். விளக்கு எரிந்தது. சங்கம் வளர்ந்தது. சங்கங்கள் கூடிப் பெரிய சங்கமாயின. பெரிய சங்கத்துக்கு ஆபீஸ், ஆபீஸுக்கு மேனேஜர், மேனேஜருக்கு இன்ஜினியர்கள், இன்ஜினியர் சொன்னதை நியாயப்படுத்த வக்கீல்கள். 1970கள் பிறந்தபோது தன் முதலாளி யார் என்பதே சங்கத்துக்கு மறந்துபோயிருந்தது.

இப்படி ஊதிப்போன இரண்டு சங்கங்கள், கோஆப்பரேட்டிவ் பவர் அசோசியேஷனும் யுனைடெட் பவர் அசோசியேஷனும், கூட்டுச் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. பக்கத்து மாநிலமான வடக்கு டக்கோட்டாவில், அண்டர்வுட் என்ற சிற்றூருக்கு அருகே பழுப்பு நிலக்கரி கொட்டிக் கிடக்கிறது. நம் நெய்வேலிச் சரக்கேதான். ஈரம் அதிகம், சூடு குறைவு. ரயிலில் ஏற்றினால் கரிக்குக் கொடுக்கிற கூலியில் கணிசமான பங்கு தண்ணீருக்குப் போய்விடும். ஆகவே தோண்டிய இடத்திலேயே எரித்து, ஏறக்குறைய 1,100 மெகாவாட் மின்சாரமாக்கி, 400 கிலோவோல்ட் நேர்மின்சாரமாக 430 மைல் தாண்டி, மினியாபோலிஸ் நகரத்துக்கு மேற்கே கொண்டுவந்து இறக்குவது. அத்தனை தூரத்துக்கு நேர்மின்சாரமே சிக்கனம். கணக்கில் குற்றமில்லை. நடுவில் வயல் இருந்தது, அதுதான் குற்றம்.

பாதையை எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் இந்தப் புராணத்தில் எனக்குப் பிடித்த காண்டம். வனவிலங்குப் பகுதியா, ஐயையோ, தொடாதே. விமானத் தளமா, தள்ளிப் போ. நெடுஞ்சாலையா, பக்கத்தில் வராதே. இப்படி எல்லாவற்றையும் மரியாதையாக விலக்கிக்கொண்டே போனால் மிச்சம் என்ன இருக்கும்? சோறு விளைகிற நிலம். காட்டுவாத்துக்காகப் பேச ஆபீஸ் இருந்தது, சோளத்துக்கு இல்லை. வயலில் 150 அடிக்கு மேல் உயரமான கோபுரத்தை நட்டால் டிராக்டரை எங்கே திருப்புவது, சுற்றிச் சுழன்று தண்ணீர் தெளிக்கிற பாசன எந்திரம் எப்படிச் சுழலும் என்ற கேள்வியெல்லாம் வரைபடத்தில் வராது.

முதலில் சங்கங்கள், வழியில் இருந்த போப் கவுண்டி நிர்வாகத்திடம் அனுமதி கேட்டன. அங்கே சகுனம் சரியில்லை என்று தெரிந்ததும், மனுவைச் சுருட்டிக்கொண்டு மாநில அரசிடம் போய்விட்டன. சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. மாநிலம் விசாரணை நடத்தியது, விவசாயிகள் வேலையை விட்டுவிட்டு வந்து மணிக்கணக்கில் பேசினார்கள், எல்லாம் பதிவு செய்யப்பட்டது, கம்பி முதலில் போட்ட கோட்டை ஒட்டியே போனது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்பதில் கேட்பு மட்டும் உண்டு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

(விளக்கத்தான் வேண்டுமென்றால்: சத்தீஸ்கரின் ரெய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகலூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்பாதை வந்தபோது கொங்குநாட்டு விவசாயிகளும் மறித்துப் பார்த்தார்கள். இங்கே உயர்மின் கோபுரம் நட அரசு கையில் எடுத்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். தந்தி 2013இலேயே செத்துவிட்டது. அதன் ஆவிதான் தோட்டத்தில் இறங்கிக் குழி வெட்டியது.)

1976 கோடையில் சர்வேயர்கள் முக்காலியோடு வந்து இறங்கினார்கள். ஒரு விவசாயி டிராக்டரைக் கிளப்பி அந்தக் கருவியின் மேலேயே ஏற்றினார். மற்றவர்கள் அத்தனை செலவு வைக்கவில்லை. அளக்கிற கண்ணாடிக்கு நேரே போய் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். ஷெரீப்புக்குத் தர்மசங்கடம். கைது செய்தால் அடுத்த தேர்தலில் அதே வாசல்படியில் போய் ஓட்டுக் கேட்க வேண்டும்.

அந்த வருஷக் கடைசியில் ரூடி பெர்பிச் கவர்னர் ஆனார். தொழிலால் பல் டாக்டர், பிறப்பால் சுரங்கத் தொழிலாளி மகன். பதவிக்கு வந்த சூட்டோடு, பரிவாரம் எதுவும் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு விவசாயிகள் வீட்டுக் கதவைத் தட்டினார். சமையலறையில் உட்கார்ந்து கேட்டார், உருகினார். உருகி முடித்ததும் ஒரு யோசனை சொன்னார்: விஞ்ஞான நீதிமன்றம். விஞ்ஞானிகள் கூடி, கம்பிக்குக் கீழே இருந்தால் உடம்புக்குக் கெடுதியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வார்களாம். விவசாயிகள் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார்கள். தீர்ப்பு வருகிறவரைக்கும் கட்டுமானத்தை நிறுத்துவீர்களா? இந்தக் கம்பி தேவைதானா என்றும் விசாரிப்பீர்களா? அதோடு அந்த நீதிமன்றம் கூடாமலேயே கலைந்தது. நோய் பற்றிய பயத்தில் கொஞ்சம் மிகை இருந்திருக்கலாம். தேவையா என்ற கேள்வியில் மிகை ஏதுமில்லை, அதனால்தான் அதை யாரும் தொடவில்லை.

மாநில உச்ச நீதிமன்றமும் 1977இல் கம்பிப் பக்கமே சாய்ந்தது. 1978 ஜனவரியில், உருகின அதே கவர்னர் 200க்கும் மேற்பட்ட மாநிலப் போலீஸை அனுப்பினார். மொத்தப் படையில் கிட்டத்தட்டப் பாதி. மிச்சப் பாதியை நம்பி மற்ற சாலைகளில் வண்டிகள் ஒழுங்காக ஓடியிருக்கும் என்று நம்புவோம். உறைபனியில் விறைத்து நின்ற காவலர்களுக்கு விவசாயக் குடும்பங்கள் காபியும் பிஸ்கட்டும் பூவும் கொண்டுபோய்க் கொடுத்தன. விருந்தோம்பல் அதிக நாள் நீடிக்கவில்லை. வயலுக்குப் போடுகிற அமோனியாவை அடிக்கிற வண்டிகளும் பிறகு வந்தன, சாணம் இறைக்கிற வண்டிகளும் வந்தன. மார்ச்சில் லோரி என்ற குக்கிராமத்திலிருந்து கிளென்வுட் வரை ஒன்பது மைல் ஊர்வலம் போனது. சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர்.

எதுவும் பலிக்கவில்லை. கோபுரங்கள் எழுந்தன.

அப்புறம்தான் அந்தப் பூச்சி வந்தது. 1978 ஆகஸ்டில் ஒரு கோபுரம் தானாகப் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் காலில் போல்ட்டுகளைக் காணோம். என்ன ஆச்சு என்று கேட்டபோது விவசாயிகள் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு, போல்ட் கூன்வண்டு விழுந்திருக்கிறது என்றார்கள். பருத்திக்கு வருகிற மாதிரி இரும்புக்கும் வருமாம். துப்பாக்கிக் குண்டு பட்டு ஆயிரக்கணக்கில் உடைந்த கண்ணாடி இன்சுலேட்டர்களுக்கு இன்சுலேட்டர் நோய் என்று பெயர் வைத்தார்கள். இரவில் பரவும் நோய். மருந்து கண்டுபிடிக்க எஃப்.பி.ஐ. வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, காவலாட்கள் வந்தார்கள். பதினைந்துக்கு முன்னே பின்னே கோபுரங்கள் சாய்ந்தன. ஊர் முழுக்க யாருக்கும் ஒன்றும் தெரியாது. டிராக்டரைத் தானே பிரித்து மாட்டுகிற ஜனங்களின் வயலில் ஸ்பானருக்கு அடங்கும் இரும்பை நட்டுவைத்தவர்களுக்குத்தான் மரை கழன்றிருக்க வேண்டும். குனிந்து நின்று ஸ்பானர் பிடித்தவன் தலையில் கோபுரம் விழுந்திருந்தால் இதை இப்படிச் சிரித்து எழுத முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே வருஷம் அலிஸ் டிரிப் என்ற விவசாயப் பெண்மணி, ஆளுங்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் கவர்னரையே எதிர்த்து நின்றார். ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு விழுந்தது. பெர்பிச் அதில் ஜெயித்து, நவம்பரில் பொதுத்தேர்தலில் தோற்றார். தனக்கு முன்பிருந்த கவர்னர் ராஜினாமா செய்ததும் அவரையே செனட்டுக்கு நியமித்த பாவமும் அந்தக் கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் கம்பியில் தொங்கவிட வேண்டாம். விவசாயிகளோடு திரிந்து இந்தக் கதையைப் புத்தகமாக்கிய இரண்டு கல்லூரிப் பேராசிரியர்களில் ஒருவரான பால் வெல்ஸ்டோன் 1990இல் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, இந்தக் கலவரத்தில் அறுவடை கண்டது அரசியல் மட்டும்தான்.

1979இல் கம்பி முறையாக இயங்கத் தொடங்கியது. வண்டு மெல்ல அடங்கியது. இரண்டு சங்கங்களும் 1999இல் கிரேட் ரிவர் எனர்ஜி என்ற ஒரே சங்கமாயின. அந்தச் சங்கம் 2020இல் ஓர் அறிக்கை விட்டது. நிலக்கரி நிலையம் கட்டுப்படியாகவில்லை, மூடப்போகிறோம், காற்றாலை மின்சாரத்துக்கு மாறுகிறோம் என்று. பிறகு மனம் மாறி, 2022இல் நிலையத்தை வேறு கம்பெனிக்கு விற்றார்கள். கம்பியையும் கோபுரங்களையும் சேர்த்தே கைமாற்றிவிட்டார்கள், போல்ட்டுகள் உள்பட.