தரை தொட்டு எழும் பந்து: டிராப் கிக் கேள்வி-பதில்

கேள்வி: பந்தைக் கீழே போட்டு உதைப்பதற்கு ஒரு தனிப் பெயர் தேவையா? டிராப் கிக்கில் அப்படி என்ன இருக்கிறது? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: போடுவதிலோ உதைப்பதிலோ கடினம் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள நொடிதான் கடினம். ரக்பியிலும் அமெரிக்கக் கால்பந்திலும், கையிலிருந்து விட்ட பந்து தரையைத் தொட்டு எழும்பும் அதே கணத்தில் கால் பட்டால்தான் அது டிராப் கிக். தரையைத் தொடும் முன்பே உதைத்தால் பன்ட். பன்ட் கோல் கம்பங்களுக்கு நடுவே பறந்து போனாலும் புள்ளி இல்லை, டிராப் கிக்குக்கு உண்டு. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைச் செங்குத்தாக விழவைக்கும் கை, காலைவிட முக்கியம்.

கேள்வி: ரக்பி ஆட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (வேலூர் வாசகர்)

பதில்: உண்டு. அது வெள்ளியில் வார்த்த சம்பந்தம். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர்கள், பக்கத்துக்கு 20 பேர். அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் பிறந்தது. 1874இல் அது இங்கிலாந்து ரக்பி சங்கத்தில் சேர்ந்தது. ஆனால் வங்காளத்து வெயிலில் டென்னிசும் போலோவும்தான் நிலைத்தன. ஊரிலிருந்த ராணுவப் படைப்பிரிவு இடம் மாறியது, கழகத்தில் இலவச மதுவும் நின்றது, உறுப்பினர்கள் கரைந்தார்கள்.

கழகத்தைக் கலைத்தவர்கள் வங்கியில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்வித்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் ராஜநாகங்கள், மூடியின் மேல் ஒரு யானை. இந்தியக் கைவினைஞர்களின் அந்த வேலைப்பாடு 1878இல் லண்டனுக்குப் போயிற்று. அதற்கான முதல் ஆட்டம் 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்து சமனில் முடிந்தது. அன்று ஸ்காட்லாந்து அடித்த கோல் ஒரு டிராப் கிக். நம் ரூபாய் வெள்ளிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே இந்த உதை தோல்வியைத் தடுத்திருக்கிறது. கல்கத்தா கோப்பைக்கு இரு நாடுகளும் இன்றும் மோதுகின்றன.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ரக்பி எப்படிப் போய்ச் சேர்ந்தது? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: கனடா வழியாக. 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியது ஏறக்குறைய நம் கால்பந்து போன்ற ஆட்டம், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 1874 மே மாதம் மான்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி விதிகளைக் காட்டியது. ஹார்வர்டு மாணவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. 1876இல் மற்றக் கல்லூரிகளும் ரக்பி அடிப்படையிலான விதிகளுக்கு வந்தன. 1883இல் புள்ளி முறை வந்தபோது கம்பத்தைத் தாண்டிய உதைக்கு 5, பந்தை எல்லைக்குக் கொண்டுபோகும் டச் டவுனுக்கு வெறும் 2. உதைப்பவர்தான் அணியின் ராஜா. பிறகு உதையின் மதிப்பு 1904இல் 4, 1909இல் 3 என்று இறங்கியது. டச் டவுன் 1912இல் 6 ஆனது.

கேள்வி: இந்த உதையால் பேர் வாங்கியவர்கள் யார்? (ஆம்பூர் வாசகர்)

பதில்: முதலில் சொல்ல வேண்டியவர் பாட் ஓடி. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1898 நவம்பரில் நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக, கொட்டும் பனியில், 62 கெஜத்திலிருந்து டிராப் கிக் அடித்துக் கோலாக்கினார். ஏறக்குறைய 57 மீட்டர்! முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் திடீரென்று காணாமல் போனார், இறந்துவிட்டதாகவே பலரும் நம்பினார்கள். 1934இல் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தபோது கலிஃபோர்னியாவில் சார்லஸ் மிட்செல் என்ற பெயரில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஹார்வர்டின் சார்லி பிரிக்லி 1913இல் யேல் அணிக்கு எதிராக ஐந்து கோல்களை உதைத்துத் தன் அணியின் 15 புள்ளிகளையும் தானே சேர்த்தார். டகோட்டா வெஸ்லியனின் மார்க் பெய்ன் 1915இல் 63 கெஜம் அடித்தார். அமெரிக்க ஆட்டத்தின் டிராப் கிக்கில் அதைத் தாண்டிய தூரம் இல்லை.

கேள்வி: இவ்வளவு பெருமை வாய்ந்த உதை ஏன் மறைந்தது? பந்து எந்தத் தோல் என்றும் சொல்லுங்கள். (பேரணாம்பட்டு வாசகர்)

பதில்: இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரக்பி நகரில் முதன்முதலில் இந்தப் பந்துகளைச் செய்தவர்கள் வில்லியம் கில்பர்ட், ரிச்சர்ட் லிண்டன் என்ற காலணித் தொழிலாளர்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை வாயால் ஊதி, அதைச் சுற்றித் தோலைத் தைத்தார்கள். பந்தின் வடிவம் அந்தப் பையின் வடிவம்தான். 1860களில் லிண்டன் ரப்பர் பைக்கு மாறினார். அதன்பின் வடிவம் கட்டிங் செய்பவரின் கைக்கு வந்துவிட்டது.

அமெரிக்கப் பந்துக்கு நான்கு துண்டு மாட்டுத்தோல். உட்புறம் வெளியே தெரியத் தைத்து, பிறகு திருப்பி, பையை நுழைத்து, கயிறு கோப்பார்கள். பிடி வழுக்காமல் இருக்கத் தோலின் மேல் புள்ளி புள்ளியாக எம்பாசிங் உண்டு. துண்டின் நடுப்பகுதியை அகலமாக வெட்டினால் முனை மழுங்கிய கொழுத்த பந்து, ஒடுக்கினால் கூர்முனைப் பந்து. ஷூ அப்பர் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1906இல் பந்தை முன்னோக்கி எறிய விதி அனுமதித்தது. எறிய வசதியாகப் பந்து ஒடுங்க ஒடுங்க, 1934 விதிமாற்றத்தில் இன்றைய மெலிந்த வடிவத்தை நெருங்கியது. கூர்முனை தரையில் பட்டால் எங்கே துள்ளும் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவர் பிடித்து நிறுத்த, மற்றவர் உதைக்கும் முறை நம்பகமாக இருந்தது, அணிகள் அதற்கு மாறின. டிராப் கிக்கை எந்த விதியும் தடை செய்யவில்லை. பந்தின் வெட்டு மாறியதால்தான் அது ஒதுங்கியது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லில் 1941க்குப் பிறகு 2006 ஜனவரி 1 அன்றுதான் ஒன்று வெற்றிகரமாக விழுந்தது. அடித்தவர் 43 வயது டக் ஃப்ளூட்டி. அந்த ஒரு புள்ளிக்குப் பின்னால் 64 ஆண்டு இடைவெளி.

கேள்வி: இப்போது எங்கே பார்க்கலாம்? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: ரக்பியில். அங்கே பந்தின் முனை இன்னும் மழுங்கியே இருக்கிறது, டிராப் கோலுக்கு 3 புள்ளி. 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில், ஜானி வில்கின்சன் தன் பலம் குறைந்த வலது காலால் அடித்த டிராப் கோல்தான் இங்கிலாந்தை 20-17 என்று ஜெயிக்க வைத்தது. எழுவர் ரக்பியில் டிரைக்கு (எதிரணியின் எல்லைக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு)ப் பிந்தைய உதையும் டிராப் கிக்காகவே அடிக்கப்படுகிறது. இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் ஆசியப் போட்டிகளில் அந்த வடிவத்திலும் ஆடுகின்றன.