சுற்றும் வட்டத்துக்கு ஒரு பூச்செண்டு

மாநில எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதெல்லாம் ஜிஎஸ்டிக்கு முந்தைய காட்டுமிராண்டிக் காலம். 2017 ஜூலையில் சாவடிகள் ஒழிந்தன. அதோடு விட்டுவிட்டால் வளர்ச்சி என்னாவது? 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட, 2018 பிப்ரவரி 1 முதல் இணையதளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே தளம் படுத்துக்கொண்டது.

இதன் அருமை ஆம்பூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் கட்டி, பெங்களூர் கிளம்பும் லாரி இனி எல்லையில் வெயிலில் காயவேண்டாம். டேனரி வாசலிலேயே, வேப்பமர நிழலில் காயலாம். டிரைவருக்கு மத்தியானம் பிரியாணியும் உறுதி.

உள்ளே திரையில் வட்டம் சுற்றுகிறது. கேஷை அழியுங்கள் என்கிறார் ஒருவர். பிரவுசரை மாற்றுங்கள் என்கிறார் இன்னொருவர். ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டால் போகும் என்பது அனுபவஸ்தர் வாக்கு. எத்தனை வேலைவாய்ப்பு பாருங்கள்! வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு எங்கும் டேனரிக்கு மூன்று ஷிஃப்ட் 'எஃப்5 அழுத்துநர்' நியமிக்கலாம். ஐடிஐயில் இரண்டாண்டுப் படிப்பே தொடங்கலாம். விரல் தேய்மானத்துக்கு இஎஸ்ஐ உண்டு.

அரசு அதற்கு இடம் தரவில்லை. அன்றைக்கே கோளாறைச் சரிசெய்துவிட்டது. சர்வரைத் தொடவில்லை; விதியை நிறுத்திவைத்தது. பில் இல்லாமலே லாரிகள் கிளம்பின.

விதி மறுபடி உயிர்பெற்ற நாள்: 2018 ஏப்ரல் 1.