எழுபத்திரண்டில் ஒரு பங்கு

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி சார் எனக்கு அறிமுகமான அன்று, தலையிலிருந்து கால்வரை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சேமுக்கால் அடி இருப்பீங்களா?"

ஆமாம் என்றேன். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. காக்பிட்ல உட்கார வெச்சா தலை இடிக்காது."

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு கறாராக அளந்ததில்லை.

சார் வங்கியில் 37 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பால்கனியில் முழுநேரமாகப் போர் விமானம் கட்டுகிறார். பிளாஸ்டிக்கில், நிஜத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுகிற கணக்கு அது. அடியிலும் அங்குலத்திலும் யோசித்த வெள்ளைக்காரன் போட்டு வைத்தது. மீட்டரில் அளக்கும் ஜப்பான்காரனும் செக் நாட்டுக்காரனும்கூட இன்றைக்கும் அதே கணக்கில் பெட்டி போட்டு விற்கிறார்கள். சாருக்கு உலகமே அந்த எண்ணால் வகுபடுவதற்காகப் படைக்கப்பட்டது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். இடது கட்டைவிரலில் ஆறியும் ஆறாத கத்திக் கீறல், நகக்கண்ணில் சாம்பல் நிறம், சட்டையில் லேசான தின்னர் வாசனை. சந்தேகம் தீரவில்லையென்றால் 'பொம்மை' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுண்டிவிடும். "பொம்மை இல்ல சார், மாடல்." பேரனுக்கு வாங்கித் தந்தால் பொம்மை, அறுபது வயதில் தனக்கே வாங்கிக்கொண்டால் மாடல்.

லாஃப்டில் அவருக்கு 61 பெட்டிகள் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முடிப்பார், நான்கு வாங்குவார். வட்டிக் கணக்கில் புலியான மனிதர் இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததேயில்லை. சாரின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கூரியர்காரர் எப்போதும் அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவார். அது எப்படி என்று நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும்.

2025 ஜூலையில், விமானப்படை மிக்-21ஐச் செப்டம்பரில் வழியனுப்பப் போகிறது என்று செய்தி வந்தது. சார் ஒருநாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த விமானம் 1963இல் சண்டிகரில் படையில் சேர்ந்தது. சார் பிறந்ததும் அதே வருடம். "நான் அறுபதுல ரிட்டயர் ஆனேன். அதுக்கு ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுத்திருக்காங்க" என்றார். பிறகு லாஃப்டில் ஏறிப் பெட்டியை இறக்கினார். செப்டம்பர் 26 சண்டிகரில் கடைசி விழா. அதற்குள் இங்கே முடித்தாக வேண்டும்.

நிஜ மிக்கின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 7.15 மீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. வெர்னியர் வைத்து அளந்து, "பாஸ்" என்றார். அதற்கப்புறம்தான் கத்தியைத் தொட்டார்.

மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக் குழாய் இரண்டாம் நாளே கை நழுவியது. வீட்டில் அவசரநிலை பிரகடனம். துடைப்பத்தைத் தொடக்கூடாது, மின்விசிறி போடக்கூடாது, யாரும் காலைத் தூக்கி வைக்கக்கூடாது. வேலைக்கு வந்த பெண்மணி வாசலிலேயே அரைமணி நேரம் நின்றார். சாரும் நானும் டார்ச் அடித்துக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்தோம். கடைசியில் அது சாரின் வேட்டி மடிப்பில் இருந்தது.

அடுத்த ஒரு வாரம் காக்பிட்டுக்கு. அங்கே ரஷ்யாக்காரர்கள் அடித்தது நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். மயில்கழுத்து நிறத்தில் பாலை விட்டு வெளுத்தது போல இருக்கும். "இந்தக் கலர்ல ஒரு புடவை கேட்டு மூணு வருஷமாச்சு. பத்து மில்லி பாட்டில் வந்திருக்கு" என்றார் அம்மா. சார் காதில் விழவில்லை. லென்ஸை மாட்டிக்கொண்டு, எள்ளில் பாதி இருக்கும் மீட்டர்களுக்கு ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளை வைத்துக்கொண்டிருந்தார். விமானியின் இருக்கைக்குத் தகட்டில் வெட்டிய பெல்ட். அதற்கு ஒரு பக்கிள். எல்லாம் முடிந்ததும் கண்ணாடி மூடியை ஒட்டி நிரந்தரமாக அடைத்துவிட்டார். பூட்டிய வீட்டுக்குள் கோலம் போட்ட மாதிரி.

"இனிமே யார் சார் பார்க்கப்போறாங்க?"

"உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

எவரும் புரட்டிப் பார்க்காத லெட்ஜரில் பைசா சுத்தமாக டாலி செய்து பழகிய கை. வேறு எப்படிப் பேசும்?

உடம்புப் பாகங்களை ஒட்டியபின் வருகிற வேலையின் பெயர்கள்தான் அம்மாவைக் கொதிக்க வைத்தன. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது. எல்லாம் அப்படியே வீட்டுப் பெயிண்டர் பாஷை. ஹால் சுவரிலோ ஏழு வருடமாகக் காரை பெயர்ந்து இந்திய வரைபடம் உருவாகி, இப்போது இலங்கையும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. சார் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இறக்கை இடுக்கில் கடுகளவு பட்டி பூசி, 400, 800, 1000 என்று மூன்று வகை உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டு வேலையிலயும் உங்க பங்கு எழுபத்திரண்டுல ஒண்ணுதான்" என்றார் அம்மா.

பெயிண்ட் அடிக்கும் நாள் இன்னும் மோசம். ஏர்பிரஷில் ஊற்றும் பெயிண்டுக்குப் பதம் உண்டு. பாகுக்குக் கம்பிப் பதம் மாதிரி இதற்குப் பால் பதம். கெட்டியாக இருந்தால் அடைத்துக்கொள்ளும், நீர்த்தால் வழியும். மழை ஈரத்தில் லாக்கர் அடித்தால் வெண்மை பூத்துவிடும். மின்விசிறி சுழன்றால் தூசி வந்து ஒட்டும். ஆகவே, சென்னையின் ஆகஸ்ட் புழுக்கத்தில், காற்றில்லாத வீட்டில், விமானத்துக்குச் சாம்பல் நிறம் ஏறியது; எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது.

பிறகு டீக்கல் என்கிற ஒட்டுப்படம். காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இறக்கைமேல் வழுக்கவிட்டு, மேலே ஒரு திரவம் தடவுவார். உடனே அது அப்பளம்போலச் சுருங்கும். புதியவர்கள் பதறி விரலை வைத்துக் கிழித்துவிடுவார்களாம். தொடவே கூடாது. "மாப்பிள்ளை கோபம் மாதிரி சார். கண்டுக்காம விட்டா தானே படிஞ்சிடும்." படிந்தது. கோடு கோடாக இருந்த பள்ளங்கள்கூட டீக்கல் வழியே தெரிந்தன.

இவ்வளவும் செய்து பளபளத்த விமானத்தை, சார் அழுக்காக்கத் தொடங்கினார். வால் குழாயருகே கரி, அடிவயிற்றில் எண்ணெய் வழிந்த தடம், சக்கரத்தில் மண். தினமும் காலையில் ஸ்கூட்டரைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குகிற மனிதர் இவர். "பறந்த விமானம் அழுக்காத்தான் இருக்கும்" என்றார்.

26ஆம் தேதி வந்தது. நவராத்திரி நடுவில். ஹாலில் கொலு. டிவியில் சண்டிகர். சார் கண் கலங்க, விமானத்தை மேசைமேல் மூன்று சக்கரத்தில் நிறுத்தினார்.

விமானம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல மூக்கைத் தூக்கி, வால் மேசையில் பட உட்கார்ந்துகொண்டது, சோறு கேட்கும் நாயைப் போல.

மிக்கின் மூக்கில் ஒரு கூம்பு உண்டு. நிஜத்தில் அதற்குள் ரேடார் இருக்கும். மாடலில் அதற்குள் எடை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பாரம் இழுத்துவிடும். அதற்காகவே சார் தூண்டில் ஈயக்குண்டுகள் வாங்கியிருந்தார். பத்திரமாகவும் வைத்திருந்தார், பிக்சட் டெபாசிட் ரசீதுகளோடு பீரோவில். மூக்கு ஒட்டி ஒரு மாதமாகிவிட்டது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் விமானத்தை எடுத்துப் போய், கொலுவில் செட்டியார் கடைக்கும் பூங்காவுக்கும் நடுவில் வைத்தார். செட்டியார் ஒரு காலை எடுத்து வைத்தால் விமானப்படை காலி. "ஸ்கேல் உதைக்குது" என்று சார் முனகினார்.

சாயங்காலம் வந்த பெண்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். "அடடா, அப்படியே மேலே கிளம்பற மாதிரி இருக்கே!" தவறுக்குத்தான் அத்தனை பாராட்டும். சார் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மாடிக் குழந்தை மட்டும் குந்தி உட்கார்ந்து, கண்ணாடி மூடியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தது. "தாத்தா, உள்ள மட்டும் ஏன் வேற கலர்?"

சார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதில் மாஸ்கோவில் ஆரம்பித்தது. நாசிக் தொழிற்சாலைக்கு அது வந்து சேர்ந்தபோது மணி எட்டு. குழந்தை எப்போதோ எழுந்து போய்விட்டிருந்தது. சார் செட்டியாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா எல்லோருக்கும் தொன்னையில் சுண்டல் கொடுத்தார். சாருக்கு மட்டும், கொலுவிலிருந்த பித்தளைச் சொப்புக் கிண்ணத்தில் ஒரே ஒரு கொண்டைக்கடலை.

"வீட்டு வேலைக்குத் தகுந்த சுண்டல். எழுபத்திரண்டுல ஒரு பங்கு."

சார் கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வெர்னியர் வெளியே வந்தது.

"இல்லையே, இந்தக் கிண்ணம் பன்னிரண்டுல ஒரு பங்கு. எழுபத்திரண்டுன்னா கடலை கடுகைவிடச் சின்னதா இருக்கணும்."