ஐம்பது குதிரை, ஒரு மெத்தை

ஜெர்மனியில் எங்கோ ஒரு வீட்டு வாசலில், 1981-இல் பிறந்த ஃபோக்ஸ்வாகன் டி3 டீசல் கேம்பர் வேனுக்கு அடியில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். கிழமை சனி. ஞாயிறாக இருந்தால் கிடக்க முடியாது. அந்த ஊரில் ஞாயிறன்று சுத்தியல் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்துக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. நெற்றியில் டீசல் சொட்டுகிறது. வீட்டம்மா வந்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்கிறார். வாயில் டார்ச் லைட் இருப்பதால் பதில் இல்லை. இந்த மனிதரை இங்கே படுக்க வைத்ததில் பல பெரிய தலைகளுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொருவரும் தன் வேலையை நேர்த்தியாக முடித்து, பாக்கியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்தார்கள். இவருக்கு அடுத்த தலை கிடையாது.

முதல் ஆசாமி ருடால்ஃப் டீசல். 1858-இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் முட்டிக்கொண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓட, பையனை ஆக்ஸ்பர்க்கில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். படிப்பு முடிந்ததும் தன் பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டேயிடமே வேலை. லிண்டே செய்தது ஐஸ் மெஷின். ஊரெல்லாம் குளிர வைக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, நம்மாள் யோசித்தது நெருப்பைப் பற்றி. காற்றை மிதமிஞ்சி அழுத்தினால் அது தானே கொதிக்கும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். பிறகு தீப்பொறி எதற்கு?

1893-இல் பேட்டன்ட் வந்தது. அந்த ஆகஸ்டிலேயே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. அழுத்தத்தை அளக்க மாட்டியிருந்த கருவி வெடித்துப் பறந்தது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். டீசலுக்கோ பரம சந்தோஷம்: தீப்பொறி இல்லாமல் பற்றுகிறது என்பது நிரூபணமாகிவிட்டது! வெடித்துப் போனதை வெற்றிக் கணக்கில் எழுதும் இந்தச் சுபாவம், இன்றுவரை பழைய டீசல் வண்டிக்காரர்கள் அனைவரிடமும் பரம்பரை நோயாக இருக்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் எஞ்சின் தன் சொந்த பலத்தில் ஓடியது, சுமார் ஒரு நிமிஷம். 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அளந்தார்; எரிபொருளில் 26 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று சான்று கொடுத்தார். நீராவி எஞ்சின் முதலாளிகள் வயிற்றில் புளி கரைந்தது.

டீசலின் கனவு என்னவென்றால், பெரிய ஆலைகளின் நீராவிக்கு எதிராகச் சிறு கைத்தொழிலாளிக்கு ஒரு சொந்த எஞ்சின். உன்னதமான கனவுதான். ஆனால் அவர் செய்த எஞ்சின் ஆளைவிட உயரம், டன் கணக்கில் எடை. இதை எந்தத் தையல்காரர் எந்த மூலையில் வைத்துக்கொள்வார் என்பதை அவர் விளக்கவில்லை. 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில் சாப்பிட்டுவிட்டு, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டுப் போனவர் அறையில் இல்லை. பிற்பாடு கடலில் உடல் கிடைத்தது. தற்கொலை என்பார்கள், சதி என்பார்கள். கடன் நிறைய இருந்தது என்பது மட்டும் உறுதி.

எண்ணெயைச் சிலிண்டருக்குள் தெளிக்க டீசல் அழுத்திய காற்றைத்தான் நம்பியிருந்தார். அதற்கு எஞ்சினோடு ஒரு கம்ப்ரெஸரும் தேவை. அந்தக் குடும்பத்தோடு ரோட்டில் போக முடியாது. ராபர்ட் போஷ் 1927-இல் அந்தச் சுமையை இறக்கி வைத்தார்: எண்ணெயையே நேராக அழுத்தித் தள்ளும் பம்ப். தலைமுடியைவிடப் பல மடங்கு நுணுக்கமான இடைவெளியில் உலோகம் உலோகத்தோடு உரசும் அந்தப் பம்பில் ஒரு தூசி போனால் கதை முடிந்தது. நம் வேனில் இருப்பது அதன் பேரன், வி.ஈ. வகைப் பம்ப். இதற்குத் தனி மசகு எண்ணெய் கிடையாது. டீசலிலேயே குளித்து, டீசலிலேயே வழவழப்பும் வாங்கிக்கொள்ளும். நாற்பது வயதில் அதன் ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும். நின்றிருக்கும்போது டீசல் வெளியே வரும். ஓடும்போது காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் எழவில்லை.

காற்று போகிறதா என்று பார்க்கக் கையிலிருந்து அதிகம் செலவாகாது. பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே நடப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் மாட்டினால் போதும். குமிழி ஓடினால் காற்று. எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் விடுமுறை முழுவதும் தின்னும். ஃபில்டர் மாற்றும்போது புதியதில் டீசலை ரொப்பிவிட்டு மாட்ட வேண்டும். காலி ஃபில்டரை மாட்டிவிட்டு பேட்டரி தீரும்வரை சுற்றிக்கொண்டிருப்பவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு.

வேன் எப்படி வந்தது? பென் பான் என்கிற டச்சுக் கார் வியாபாரி உல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்கு வந்தார். யுத்தத்துக்குப் பிறகு அதை நடத்திக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் ராணுவம். உள்ளே சாமான் சுமக்க, வண்டுக் காரின் அடிச்சட்டத்தில் பலகை வைத்துச் செய்த தட்டு வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர் 1947 ஏப்ரல் 23 அன்று நோட்டுப் புத்தகத்தில் பெட்டி மாதிரி ஒன்றைக் கிறுக்கினார்: டிரைவர் முன்னால், எஞ்சின் பின்னால், சாமான் நடுவே. குழந்தை போட்ட படம் என்று எவரும் சொல்லலாம். 1950-இல் அது ஆலையிலிருந்து வண்டியாகவே வெளியே வந்தது. எஞ்சின் பின்னால் என்ற அந்த ஒரு கிறுக்கலுக்குத்தான் நம் ஆள் இப்போது அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏனென்றால் அந்த எஞ்சின் காற்றில் குளிர்வது. 1979-இல் டி3 வந்தபோதும் அப்படித்தான். பிறகு எண்ணெய் விலை ஏறியது. எல்லோருக்கும் டீசல் ஆசை. 1976-இல் கோல்ஃப் காருக்காகச் செய்த 50 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் கைவசம் இருந்தது, சமர்த்தான எஞ்சின். 1981-இல் 1.6 லிட்டர் உருவத்தில் அதையே வேனில் திணிக்க முடிவானது. இரண்டு இடைஞ்சல்கள். எஞ்சின் உயரம், மேலே படுக்கை இருக்கிறது. ஆகவே எஞ்சினை 50 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்தார்கள். அதற்குத் தண்ணீர் வேண்டும். பின்னால் ரேடியேட்டருக்கு இடமில்லை. ஆகவே ரேடியேட்டர் வண்டியின் மூக்கில், எஞ்சின் வண்டியின் வாலில், நடுவில் தரையடியில் நீண்ட குழாய்கள். மூக்குக்கும் வாலுக்கும் இடையே கூலண்ட் யாத்திரை போகிறது.

யாத்திரையில் காற்று மாட்டிக்கொண்டால் ஹீட்டரில் குளிர்க் காற்று வரும், டாஷ்போர்டில் முள் சிவப்புக்கு ஏறும். பழுது பார்க்கும் முறை கோயில் சடங்குக்குச் சற்றும் குறைந்ததல்ல. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டு அரை மீட்டருக்குக் கிட்டத் தூக்கவேண்டும். முன்கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டர் உச்சியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்கவேண்டும். எஞ்சினை இரண்டாயிரம் சுற்றில் பிடித்துக்கொண்டு, பின்னால் நம்பர் பிளேட் கதவைத் திறந்து கூலண்ட் ஊற்றவேண்டும். ஒருவர் பின்னால் ஊற்ற, ஒருவர் முன்னால் குமிழியைப் பார்க்க, ஒருவர் ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்க. தனியாளாக இருந்தால் கால் வைக்கும் வேலைக்கு ஒரு கட்டை கிடைக்கும்.

மிச்சத்தை வெஸ்ட்ஃபாலியா கம்பெனி பார்த்துக்கொண்டது. 1844-இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, 1951-இல் கேம்பிங் பெட்டி செய்யத் தொடங்கியவர்கள். மேலே எழும்பும் கூரை, இரட்டை கேஸ் அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி, அலமாரி, திரை. இவர்கள் தச்சர்கள், எஞ்சினைப் பற்றிய கவலை மற்றவருடையது. பின் படுக்கையின் அடியில் எஞ்சின் மூடி. பிளக்கைப் பார்க்கவேண்டுமா? தலையணையை எடு, போர்வையை மடி, மெத்தையைத் தூக்கு, குழந்தையை எழுப்பு, கம்பளத்தைச் சுருட்டு, மூடித் திருகுகளைத் திருப்பு. ஆயிலை அளக்கும் குச்சி மட்டும் நம்பர் பிளேட்டின் பின்னால். அதனால் நடுவழியில் எஞ்சின் படுத்தால் குடும்பமே ரோட்டோரம் படுக்கையோடு நிற்கும். சமையலறையும் ஆளும் சாமானும் சேர்ந்து இரண்டு டன்னைத் தாண்டும். இழுக்க ஐம்பது குதிரை. கணவாய் ஏறும்போது ஆல்ப்ஸ் மலையை நிதானமாகப் பார்க்கலாம், சைக்கிள்காரர்களோடு உரையாடலாம்.

இன்னொரு ஆபத்து. தேய்ந்த எஞ்சின் தன் ஆயிலையே மூச்சோடு உள்ளிழுத்து, அதையே எரித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினால் டீசல் நிற்கும், எஞ்சின் நிற்காது. தீப்பொறியே வேண்டாம் என்று ஐஸ் கம்பெனிக்காரர் அன்றே சொன்னாரே! நாலாவது கியர் போட்டு, பிரேக்கை முழுதாய் மிதித்து, கிளச்சை விட்டு நெரித்து நிறுத்தவேண்டும். மற்ற நாளில் நேர்மாறு: பம்பின் மேல் ஒரு சோலனாய்டு, அதற்கு ஒரே ஒரு ஒயர், அது நழுவினால் வண்டி நட்டநடு ரோட்டில் மௌனம். முதலில் அதைச் செருகிப் பார்க்காமல் பம்பைக் கழற்றியவர்களின் கதைகள் ஐரோப்பா முழுவதும் உண்டு.

டைமிங் பெல்ட்டை மட்டும் யாரும் கிண்டல் செய்வதில்லை. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும், ஹெட் செத்தது. மாற்றும்போது கேம் ஷாஃப்ட்டின் பின்பக்கக் காடியில் பட்டை செருகிப் பூட்டி, பம்ப் சக்கரத்தில் ஊசி குத்தி, ஃப்ளைவீல் குறியைப் பார்த்துப் பொருத்தி, டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கவேண்டும். நாஸில் கழற்றினால் அடியில் உள்ள வெப்பத்தடுப்பு வாஷரைத் தூக்கிப் போட்டு, புதியதைச் சரியான முகத்தில் வைக்கவேண்டும். பழைய வாஷரையே போட்டுச் சேமித்த சில சென்ட்டுகள், பின்னால் ஹெட்டில் ஓட்டையாகத் திரும்பி வரும்.

அமெரிக்காவில் ஜான் மியூர் என்பவர் 1969-இல், தன் வண்டியைத் தானே பழுது பார்க்க முழு முட்டாளுக்கும் சொல்லிக் கொடுக்கும் புத்தகம் ஒன்று போட்டார், ஹிப்பிகளின் வேதம். ஆனால் அது காற்றில் குளிரும் எஞ்சின்காரர்களின் வேதம். வேனுக்குள் தண்ணீர் ஓடத் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1977-இல், மியூர் கண்ணை மூடிவிட்டார். கெட்டிக்காரர்.

இப்போது ஜெர்மானிய அரசு ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறது. வண்டிக்கு 30 வயது நிரம்பி, அசல் நிலையில் இருந்தால் நம்பர் பிளேட்டின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்து கிடைக்கும். ஆண்டு வரி 191.73 யூரோதான், நகர மத்தியில் மாசுத் தடையுள்ள பகுதிகளுக்குள்ளும் போகலாம். 29 வயதில் விட்ட புகை குற்றம். 30-இல் அதே புகை நாட்டின் பாரம்பரியம். எப்போதோ சலித்துப்போய் ஐம்பது குதிரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எஞ்சின் மாட்டியவர்கள் பரிசோதகரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கையில் காசில்லாமல் மாற்றாமல் விட்டவர்கள், ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் சரித்திர உணர்வு என்கிறார்கள்.